படத்தில் தெரிந்த படிக்கட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் தொழில் பக்கத்தில் சிஎன்சி மில்லிங், அதாவது கம்ப்யூட்டர் தரும் எண்களின்படி சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் வேலை, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் வேலையைப் பற்றித் தமிழில் இவ்வளவு நீளமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் ஒரு வரி இரண்டு நாளாக என்னை விடவில்லை. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்துவிட்டால் போதும், பட்டனை அழுத்தியதும் மிஷின் தானே செதுக்கித் தந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். பக்கத்திலேயே ஓர் அலுமினிய மூடியின் படம். படத்தின் கீழே, துல்லியத்தின் உச்சம் என்று ஒரு குறிப்பு.

அந்தப் பக்கம் இன்னும் கையில் இருந்தால் படத்தைக் கொஞ்சம் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். மூடியின் மேல் விளிம்பைக் கூர்மையாக விடாமல் சுற்றிலும் வளைவாக உருட்டி விட்டிருக்கிறார்கள். பக்கச் சுவரை ஒட்டிய இடத்தில் அது வழவழவென்று இருக்கிறது. மேல் முகத்தை நெருங்க நெருங்கக் கோடு விழுகிறது. முதலில் நெருக்கமாக, அப்புறம் அகலமாக, கடைசியில் மேலே ஏறும் இடத்தில் பட்டை பட்டையாக. படம் எடுத்தவர் நல்ல பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார், அதனால் ஒன்றுமே மறையவில்லை. பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒருவர் கட்டர் போவதற்குத் தவறான பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது அந்த விளிம்பிலேயே எழுதியிருக்கிறது.

நான் 19 வருடமாக மில்லிங் புரோகிராம் எழுதுகிறவள். அதற்கு முன் 3 வருடம் மிஷின் முன்னால் நின்றேன். அந்தப் படத்தில் இருக்கும் தவறு எனக்கு நன்றாகப் பழக்கம், ஏனென்றால் என் முதல் தவறும் அதுதான்.

24 அலுமினிய மூடிகள். நீள்சதுரம், மேல் விளிம்பு நான்கு பக்கமும் 5 மி.மீ ரேடியஸ். 6 மி.மீ பால் நோஸ் கட்டர், அதாவது நுனி அரைப் பந்து மாதிரி இருக்கும் கட்டர், எடுத்தேன். சாஃப்ட்வேரைத் திறந்தால் பாதைகள் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் நிற்கும். எந்தப் படம் பார்க்க ஒழுங்காக இருந்ததோ அதை அழுத்தினேன். அதற்கு வாட்டர்லைன் என்று பெயர். தண்ணீர் மட்டம் இறங்குவது மாதிரி, ஒவ்வொரு மட்டத்திலும் ஜாபை, அதாவது வெட்டுகிற துண்டை, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த மட்டத்துக்கு இறங்கும். ஒவ்வொரு இறக்கமும் 0.2 மி.மீ என்று கொடுத்தேன். திரையில் பார்த்தால் அவ்வளவு அழகு. ஆறு மூடி ஓடி முடிந்த பிறகுதான் எங்கள் ஃபோர்மேன் அந்தப் பக்கம் வந்தார்.

ஒரு மூடியைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. கட்டைவிரல் நகத்தைப் பக்கச் சுவரில் வைத்து மெதுவாக மேலே இழுத்தார். பாதி வளைவு வரை சத்தமே இல்லை. அதற்கு மேல் டிர்ர்ர் என்றது.

"என்னம்மா, ரேடியஸ் போடச் சொன்னா படிக்கட்டு கட்டியிருக்கே?"

"0.2தான் அண்ணே கொடுத்திருக்கேன்."

"கொடுத்தது சரி. எதை 0.2 ஆக்கினே?"

சொல்லிவிட்டு அங்கே இருந்த இரும்பு அலமாரியின் கதவில் சாக்பீஸால் கால் வட்டம் ஒன்று வரைந்தார். அதன் குறுக்கே சம இடைவெளியில் படுக்கைக் கோடுகள் போட்டார். கோடு வளைவை வெட்டும் இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி. வளைவு நெட்டுக்குத்தாக நிற்கும் கீழ்ப்பக்கத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வளைவு படுத்துக்கொள்ளும் மேல்பக்கத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விரலே நுழையும். நான் உயரத்தைச் சமமாகப் பங்கு போட்டிருந்தேன். பங்கு போட வேண்டியது வளைவை.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கட்டரின் உருண்டை 3 மி.மீ ரேடியஸ், ஜாபின் வளைவு 5. ஆக, உருண்டையின் மையம் 8 மி.மீ ரேடியஸ் உள்ள வட்டத்தில் நகர்கிறது. உச்சியிலிருந்து அதை 0.2 இறக்கினால், பக்கவாட்டில் 1.78 மி.மீ தள்ளிப் போய்விடுகிறது. அந்த இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் வெட்டுப்படாமல் ஒரு வரப்பு நிற்கும். அதன் உயரம் 0.086 மி.மீ. நகத்தில் டிர்ர்ர் என்றது அதுதான். அதே 0.2 இறக்கம் சுவரை ஒட்டி வரும்போது வரப்பின் உயரம் 0.001 மி.மீதான். ஒரே விளிம்பு, ஒரே கட்டர், நான் கொடுத்ததும் ஒரே எண். மேலேயும் கீழேயும் 80 மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். மையம் மொத்தம் 8 மி.மீ இறங்குகிறது, 0.2 வீதம் 40 ஓட்டம். அதே 40 ஓட்டத்தை வளைவின் மீது சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 2.25 டிகிரி. அப்போது வரப்பு மேலே கீழே எல்லா இடத்திலும் 0.0026 மி.மீ. கட்டர் மாறவில்லை, ஓட்டத்தின் எண்ணிக்கை மாறவில்லை, நேரமும் ஏறக்குறைய அதேதான். நகத்துக்குத் தட்டுப்படும் விளிம்பு, தட்டுப்படாத விளிம்பாகிவிடுகிறது. சாஃப்ட்வேரில் இதற்கான பாதை நான் அழுத்திய படத்துக்கு இரண்டு படம் தள்ளி இருந்தது. ஒன்றில் ஸ்காலப் என்று பெயர், இன்னொன்றில் ஃப்ளோ, வேறொன்றில் வேறு பெயர். பெயரில் ஒன்றும் இல்லை. கட்டர் ஒவ்வொரு முறையும் நகர்கிற தூரத்தை எதன் மேல் வைத்து அளக்கிறது, உயரத்திலா, தரைப்படத்திலா, வளைவின் மேலேயா? இது ஒன்றைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த 8 மி.மீ பற்றி ஒரு வார்த்தை. டிராயிங்கில் 5 மி.மீ ரேடியஸ் என்றுதான் இருக்கும். ஆனால் பால் நோஸ் கட்டரின் அகலமான இடுப்பு, வளைவின் அடியைத் தொட வேண்டும் என்றால் அதன் நுனி இன்னும் 3 மி.மீ கீழே போயாக வேண்டும். இதை மறந்து, ஜாபை, அதை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் 6 மி.மீ மட்டும் வெளியே விட்டுப் பிடித்தால், கட்டர் வைஸின் தாடையையும் சேர்த்து உருட்டிவிடும். எங்கள் வைஸ் ஒன்றில் அழகான பிறை வடிவத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. யார் போட்டது என்று கேட்காதீர்கள்.

இன்னொரு பாதை உண்டு, பேரலல். புல் வெட்டுவது மாதிரி ஜாபின் மேல் நேர்கோட்டில் போய்ப் போய்த் திரும்பும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், புரிவதற்குச் சுலபம். நீள்சதுர மூடியில் இதை ஓட்டினால், இடது வலது விளிம்புகளில் கட்டர் வளைவின் மேல் ஏறி இறங்கிப் போகும், அந்த இரண்டும் நன்றாக வரும். முன்பக்கமும் பின்பக்கமும் ஓட்டம் விளிம்புக்கு இணையாக ஓடும். அங்கே வளைவு சுவரில் இறங்குகிற இடத்தில் கோடுகள் பிரிந்துவிடும். வாட்டர்லைனில் மேலே வந்த படிக்கட்டு இங்கே கீழே வருகிறது, அதுவும் இரண்டு பக்கம் மட்டும். நான்கு விளிம்பையும் ஒரே பார்வையில் பார்க்கிற கஸ்டமருக்கு அது முழுக்க மோசமாக இருப்பதைவிட எரிச்சலாக இருக்கும். 45 டிகிரி சாய்த்து ஓட்டினால் நான்கும் ஒரே மாதிரி சுமாராக வரும். மேலே பேரலல், கீழே வாட்டர்லைன் என்று சரிவைப் பார்த்துப் பிரித்துத் தருகிற பாதையும் இருக்கிறது. பெரிய அச்சு மாதிரி வேலைகளுக்கு அது நல்லது. ஒரு சின்ன விளிம்புக்கு அவ்வளவு வேண்டாம் என்பது என் எண்ணம், இரண்டு பாதையும் சந்திக்கிற இடத்தில் கோடு தெரியாமல் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

இதெல்லாம் வரப்பின் கதை. வரப்பே இல்லாத இடத்திலும் விளிம்பு மங்கலாக வரலாம், அது கட்டர் நுனியின் கதை. சுழலும் எந்தப் பொருளுக்கும் நட்ட நடுவில் வேகம் கிடையாது. 6 மி.மீ பால் நோஸ் கட்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றும்போது அதன் இடுப்பு நிமிடத்துக்கு 188 மீட்டர் வேகத்தில் வெட்டுகிறது. வளைவு 45 டிகிரி இருக்கும் இடத்தில் ஜாபைத் தொடுகிற புள்ளி 4.2 மி.மீ விட்டத்தில்தான் சுற்றுகிறது, வேகம் 133 மீட்டர். வளைவு மேல் முகத்தோடு சேரும் இடத்தில் தொடுவது நுனி. அங்கே வேகம் பூஜ்யம். பூஜ்யத்தில் வெட்ட முடியாது, தேய்க்கத்தான் முடியும். அலுமினியம் அந்தத் தேய்ப்பில் இழுபட்டு மங்கலான ஒரு பட்டை விழும். துருப்பிடிக்காத ஸ்டீலாக இருந்தால் அந்த இடம் இன்னும் இறுகிப்போய் அடுத்த ஓட்டத்தில் கட்டரைத் தின்னும்.

இதற்கு நான் செய்வது, முனையில் மட்டும் சின்ன ரேடியஸ் வைத்த தட்டைக் கட்டரை, புல் நோஸ் என்போமே, அதை எடுத்துக்கொள்வது. 10 மி.மீ கட்டர், முனையில் 2 மி.மீ ரேடியஸ் என்று வையுங்கள். மேல் முகத்தை ஒட்டித் தொடும்போதும் அது 6 மி.மீ விட்டத்துக்குக் குறையாமல் சுற்றும். செத்த நுனி ஜாபைத் தொடவே தொடாது. ஆனால் இதற்கும் கூலி உண்டு. வெட்டுகிற வளைவு 3 மி.மீயிலிருந்து 2 மி.மீ ஆகிவிட்டதால், அதே இடைவெளியில் ஓட்டினால் வரப்பு முப்பது சதவீதம் உயரமாகும். அதைச் சமாளிக்க ஓட்டத்தை இன்னும் கொஞ்சம் நெருக்க வேண்டும். மினுமினுப்பு வேண்டுமா, நேரம் வேண்டுமா என்று முடிவு செய்ய டிராயிங்கில் எண் இருக்காது. அந்த விளிம்பு வெளியே தெரியப் போகிறதா, உள்ளே மறையப் போகிறதா என்று யாராவது கேட்டுச் சொல்ல வேண்டும்.

படித்துக்கொண்டு வருகிறவர் கேட்கலாம், இவ்வளவு எதற்கு, அந்த ரேடியஸ் வடிவத்திலேயே கட்டர் கிடைக்காதா என்று. கிடைக்கும். கால் வட்டத்தைக் குழியாகக் கடைந்து வைத்த கார்னர் ரவுண்டிங் கட்டர். மேல் முகம் தட்டையாக இருந்து, ரேடியஸ் டிராயிங் முழுக்க ஒன்றாகவே இருந்தால் என் முதல் கை அதற்குத்தான் போகும். 40 ஓட்டத்துக்குப் பதில் ஒரு சுற்றில் 0.2 மி.மீ மிச்சம் வைத்து வெட்டி, அடுத்த சுற்றில் முடித்துவிடலாம். வரப்பு என்ற பேச்சே இல்லை.

ஆனால் அதைச் செட் செய்வது பொறுமை வேண்டிய வேலை. உயரத்தில் 0.03 கூட இறங்கிவிட்டால் மேல் முகத்தில் மெல்லிய ஒரு படி, பென்சிலால் கோடு போட்ட மாதிரி சுற்றிலும் நிற்கும். பக்கவாட்டில் 0.03 உள்ளே போனால் அதே கோடு சுவரில். இரண்டும் சரியாக இருந்து கட்டர் தேய்ந்திருந்தால், வளைவு தன் ரேடியஸை விட்டுக் கொஞ்சம் உப்பியிருக்கும். ரேடியஸ் கேஜை, அதாவது வளைவைச் சரிபார்க்கும் அளவுத் தகட்டை, வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒட்டிக்கொண்டு இரு ஓரத்திலும் வெளிச்சம் கசியும். நாங்கள் முதலில் ஒரு கழிவுத் துண்டில் அரை விரல் நீளம் வெட்டிப் பார்ப்போம். கோடு எங்கே விழுகிறது என்று பார்த்து, எந்த ஆஃப்செட்டில், அதாவது மிஷினுக்குக் கொடுக்கும் எந்தத் திருத்த எண்ணில், எவ்வளவு தட்ட வேண்டும் என்று சொல்லிவிடலாம். மேலே கோடு என்றால் உயரம், சுவரில் கோடு என்றால் பக்கம். அப்புறம், கால் வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ஜாபில் பதிந்து வெட்டுவதால் அதற்கு அதிர்வு அதிகம். நீளமாக நீட்டிப் பிடித்து ஃபீடையும், அதாவது கட்டர் முன்னேறும் வேகத்தையும், அள்ளிக் கொடுத்தால் விளிம்பு முழுக்க மீன் செதில் மாதிரி வரும். மேல் முகமே வளைந்திருக்கிற ஜாப் என்றால் இந்தக் கட்டர் உதவாது, மறுபடியும் பந்து நுனிக்கே திரும்ப வேண்டும்.

கட்டுரையில் பழைய வரலாறும் இரண்டு வரி இருந்தது. அதில் விட்டுப்போன ஒன்று இந்த விஷயத்துக்கு ரொம்ப நெருக்கமானது. எண்களால் ஓடும் மிஷின் என்ற யோசனை பிறந்ததே ஒரு வளைந்த விளிம்பில்தான். 1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டருக்குச் சுழலும் இறகு செய்துகொண்டிருந்தார். இறகின் வளைவுக்கு அவரிடம் கொடுக்கப்பட்டவை 17 புள்ளிகள். நடுவில் இருப்பதைக் கையால் வளைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவரிடம் வேலை பார்த்த ஃபிராங்க் ஸ்டூலன், துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் கணக்கு மிஷினை வைத்து அதை 200 புள்ளிகளாக்கி, ஒவ்வொன்றையும் கட்டரின் ரேடியஸ் அளவுக்குத் தள்ளிக் கணக்கிட்டுக் கொடுத்தார். அந்தப் புள்ளிகளில் கட்டரை இறக்கி வெட்டிவிட்டு, மிச்சம் நிற்கிற வரப்பை அரத்தால் தேய்த்துச் சமமாக்கலாம் என்பது திட்டம். அதன் பிறகுதான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகம், 1952இல் எண்களால் ஓடும் மில்லிங் மிஷினை வெளியே காட்டியது எல்லாம். புள்ளி எத்தனை, அவை எங்கே, நடுவில் நிற்கும் வரப்பை யார் தேய்ப்பது? அலமாரிக் கதவில் எங்கள் ஃபோர்மேன் வரைந்ததும் அதே கணக்கு. என்னுடைய ஆறு மூடிகளின் வரப்பை, சொல்லவே வேண்டாம், நான்தான் எமரி தாளால் தேய்த்தேன். கையால் தேய்த்தால் படி போய்விடும், கூடவே ரேடியஸும் போய்விடும். ஆறில் இரண்டு கேஜில் ஒட்டவில்லை.

மேலிருந்து பார்க்கும்போது வளைகிற விளிம்பு, அதாவது ஜாபின் வெளி வடிவமே வளைவாக இருப்பது, இன்னொரு வகை. அங்கே பாதை வரைவது சுலபம், ஏமாறுவதும் சுலபம். உள்மூலையில் 6 மி.மீ ரேடியஸ் கேட்டால் 12 மி.மீ கட்டரைப் போட்டு நேராகக் கொண்டுபோய் இடித்துத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு சரியாகத்தான் இருக்கும். ஆனால் மூலைக்குள் போனதும் கட்டரின் கால்பங்குச் சுற்று ஒரேயடியாகப் பதிந்து கீச்சென்று கத்தும், மூலையில் நெளி நெளியாகத் தழும்பு. 10 மி.மீ கட்டரைப் போட்டு மூலையைச் சுற்றி வரச் செய்தால் கத்தாது.

அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. ஃபீட் என்று நாம் கொடுக்கிற எண் பொதுவாகக் கட்டரின் மையத்துக்கு. 6 மி.மீ மூலையில் 10 மி.மீ கட்டரின் மையம் வெறும் 1 மி.மீ ரேடியஸில்தான் திரும்புகிறது. மையம் நிமிடத்துக்கு 600 மி.மீ போனால் வெட்டுகிற ஓரம் 3,600 மி.மீ போகும், ஆறு மடங்கு. நேர்க்கோட்டில் சமர்த்தாக வெட்டிக்கொண்டிருந்த கட்டர் மூலையில் மட்டும் ஏன் உடைகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு இதுதான் பதில். 8 மி.மீ கட்டர் என்றால் மூன்று மடங்கோடு போயிற்று. வெளிப்பக்க வளைவில் நேர் எதிர்: அதே 10 மி.மீ கட்டர் வெளியே 6 மி.மீ ரேடியஸைச் சுற்றும்போது மையம் 11 மி.மீ ரேடியஸில் போகிறது, ஓரம் பாதி வேகத்தில் சோம்பேறியாக நகர்ந்து தேய்க்கிறது. மிஷினை ஓட்டும் கம்ப்யூட்டரான கண்ட்ரோலர்களில் இதைத் தானே சரிசெய்துகொள்பவை உண்டு. அந்த வசதியை இயக்கியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது மனிதர் வேலை.

இனி, அனோடைஸ் செய்து, அதாவது அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் ஏற்றிச் சாயம் போட்டு, வந்த பிறகு தெரிந்த ஒரு விஷயம். இதுவும் என் கதைதான். 50 மி.மீ ரேடியஸில் ஒரு வளைவு, அளவு எல்லாம் கச்சிதம், இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ். கறுப்புச் சாயம் ஏறி வந்ததும் வளைவு முழுக்கப் பட்டை தீட்டின மாதிரி இருந்தது. சாஃப்ட்வேரில் டாலரன்ஸ் என்ற கட்டத்தில் 0.01 மி.மீ என்று கிடந்ததை நான் தொடவில்லை. 0.01 என்றால் எவ்வளவு துல்லியம், அதைப் போய்த் தொடுவானேன் என்று நினைப்பு. 50 மி.மீ ரேடியஸில் 0.01 விலகலை அனுமதித்தால் வளைவு 2 மி.மீ நீள நேர்க்கோட்டுத் துண்டுகளாக உடைகிறது. கேஜுக்கு 0.01 தெரியாது. வெளிச்சத்துக்குத் தெரியும், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். 0.001 என்று மாற்றினால் துண்டு 0.63 மி.மீ ஆகும். அதைவிட நல்லது, வட்டத்தை வட்டமாகவே, வட்டமாக ஓடச் சொல்லும் ஜி02, ஜி03 கட்டளைகளாக எழுதித் தரும்படி சாஃப்ட்வேருக்குச் சொல்லிவிடுவது. துண்டே இருக்காது. அதற்காக எல்லாவற்றையும் நுணுக்கிக்கொண்டே போனாலும் வம்புதான். துண்டு 0.05 மி.மீ, ஃபீட் நிமிடத்துக்கு 2,000 மி.மீ என்றால் கண்ட்ரோலர் ஒரு நொடிக்கு 667 வரி படிக்க வேண்டும். பழைய கண்ட்ரோலர் மூச்சு வாங்கித் திக்கித் திக்கிப் போகும், அந்தத் திக்கலும் விளிம்பில் பதியும்.

கட்டர் எங்கே ஜாபுக்குள் நுழைகிறது என்பதும் பதியும். வாட்டர்லைனில் 40 மட்டம் என்றால் 40 தடவை நுழைகிறது, பெரும்பாலும் ஒரே இடத்தில். துணியில் தையல் தெரிவது மாதிரி நெட்டுக்கு ஒரு தழும்பு. நேராக முட்டாமல் சின்ன வட்டமாகத் தழுவி உள்ளே வந்து, முடிக்கும்போது தொடங்கிய இடத்தை 1 மி.மீ தாண்டிப் போய் விலகினால் பாதித் தழும்பு மறைந்துவிடும். மட்டம் மட்டமாக இறங்காமல் திருகு மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கினால் முழுக்கவே மறைந்துவிடும். நுழைவது ஒரு தடவை, வெளியேறுவது ஒரு தடவை. வெளி விளிம்பைச் சுற்றும்போது மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் போங்கள். வெட்டுப்பட்டு வரும் சிம்பு கனமாகத் தொடங்கி மெலிந்து முடியும், பரப்பு சுத்தமாக இருக்கும். எதிர்ச் சுற்றில் போனால் கட்டர் முதலில் தேய்த்துவிட்டு அப்புறம்தான் கடிக்கும்.

சாஃப்ட்வேர் இப்போது பாதையைத் தானே சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது, நானும் பல நாள் அது சொன்னதையே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வைஸின் தாடை எங்கே இருக்கிறது என்று நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். ஏழாம் எண் கட்டர் போன ஷிப்டில் ஒரு தடவை இடித்துக்கொண்டதும், மூடியின் எந்தப் பக்கம் மேஜை மேல் பார்வைக்கு இருக்கும் என்பதும் அதற்குத் தெரியாது. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போன மாதம் கேட்டான், "அக்கா, எது சரியான பாதைன்னு ஒரு லிஸ்ட் இருக்கா?" என்று. அவனிடம் ஒரு கழிவுக் கட்டையைக் கொடுத்து, நான்கு விளிம்பிலும் ஒரே ரேடியஸை நான்கு பாதையில் ஓட்டச் சொன்னேன். முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினேன். பத்து நிமிடம் அவன் பேசவே இல்லை, கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தக் கட்டை இப்போது அவன் டிராயரில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படத்தில் இருக்கும் அந்த மூடியைச் செய்தவர் யார் என்று உங்கள் செய்தியாளருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் இதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்: கட்டர் நல்ல கட்டர்தான், சுவர் பக்கம் பார்த்தாலே தெரிகிறது. இறக்கத்தை உயரத்தில் அளக்காமல் வளைவின் மேல் அளக்கும் பாதைக்கு மாற்றிக்கொள்ளட்டும். படத்தில் இடது மூலையில் நெட்டுக்கு ஒரு தழும்பு தெரிகிறது, நுழையும் இடத்தை மூலையிலிருந்து எடுத்துப் பின்பக்க நீளத்தின் நடுவுக்குக் கொண்டுபோகட்டும். ஏற்கெனவே ஓட்டி முடித்த மூடிகள் மிச்சம் இருந்தால் எமரி தாளைத் தொட வேண்டாம். அதே செட்டிங்கில் வைத்து, புதிய பாதையை ஒரு தடவை ஓட்டி, அப்புறம் நகத்தை வைத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மில்லிங் புரோகிராம் எழுதும் ஒரு வாசகி